மூக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு ஊசி: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்துக்கு இறங்கும் கல்படி ஒன்று உண்டு. மழை நாளில் பாசி பிடித்து வழுக்கும். அதில் விழுந்துதான் மூக்கை உடைத்துக்கொண்டேன். எலும்பு கோணி, இரண்டு நாசிக்கும் நடுவே சுவர் போல இருக்கும் நடுத்தண்டு வளைந்து, இடது பக்கம் மூச்சே வரவில்லை. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து மூச்சையும் சரிசெய்தார்கள், வடிவத்தையும் நேராக்கினார்கள். எல்லாம் நன்றாக ஆறியது. மூன்று மாதம் ஆகியும் நுனிக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு மட்டும் போகவே இல்லை. அதற்காக மூன்று முறை ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள்.

அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் யாருக்கு மூக்கு ஆபரேஷன் என்றாலும் என்னிடம் விசாரிக்க வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, அந்த ஊசியைப் போட்டுக்கிட்டா வீக்கம் சீக்கிரம் வடிஞ்சிடுமா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "எந்த வீக்கம்?" நான் டாக்டர் இல்லை. ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் மூக்கைத் தொட்டுப் பார்க்கும் சர்ஜன்தான் சொல்ல வேண்டும். அவர் முன்னால் போய் உட்காரும்போது உங்களுக்கு எது எது தெரிந்திருந்தால் நல்லது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எந்த ஸ்டீராய்டைப் பற்றிப் பேசுகிறோம்

ஸ்டீராய்டு என்ற ஒரே பெயரில் நான்கு விதமான மருந்து உங்கள் கைக்கு வரலாம். ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பில் டெக்ஸாமெத்தசோன் போடுவார்கள். கண்ணைச் சுற்றி வரும் வீக்கமும் ரத்தக்கட்டும் அதனால் குறையும். சிலருக்கு அதன் பிறகு சில நாளைக்கு மாத்திரை தருவார்கள். மூக்குக்குள் அடிக்கும் ஸ்பிரே உள்சவ்வின் வீக்கத்துக்கு, வெளிவடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலாவதுதான் நாம் பேசும் ஊசி. ஆபரேஷன் முடிந்து வாரங்களோ மாதங்களோ கழித்து, புடைப்பு இருக்கும் இடத்திலேயே துளியளவு போடுவது. அதில் பெரும்பாலும் இருக்கும் மருந்து டிரையாம்சினலோன் அசிட்டோனைடு. நம் ஊர் மருந்துக்கடையில் கெனாகார்ட் என்ற பெயரில் கிடைக்கும். ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம், 40 மில்லிகிராம் என்று இரண்டு வலிமை உண்டு. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வீக்கத்தை நாள் கணக்கில் பாருங்கள்

முதல் இரண்டு மூன்று நாள் முகமே மாறிப்போகும். கண் இமை உப்பி, கண்ணுக்குக் கீழே கன்றிப்போகும். இரண்டு வாரத்துக்குள் அந்த நிறம் பெரும்பாலும் மறைந்துவிடும். மூக்கு அசையாமல் இருக்க மேலே வைத்த கெட்டியான தாங்கியை, அதாவது ஸ்ப்ளின்ட்டை, ஒரு வாரம் போல ஆனதும் எடுப்பார்கள். எடுத்த அன்று கண்ணாடியைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அகலமாக, பன்றி மூக்கு மாதிரி மேலே தூக்கியிருக்கும். அது உங்கள் மூக்கு இல்லை, வீக்கம்.

நாலு முதல் ஆறு வாரத்தில் பெரிய வீக்கம் போய்விடும். வெளியாட்கள் யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். மிச்சம் இருப்பது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும். அந்த மிச்சம் மூக்குத் தண்டில் சீக்கிரமும் நுனியில் கடைசியாகவும் வடியும். முழுதாக அடங்க ஒரு வருஷம் ஆகும். தோல் தடிப்பாக, எண்ணெய் வடியும் வகையாக இருந்தால் ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். நம்மில் பலருக்கு இந்தத் தடித்த தோல்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆறு மாதத்தில் சரியாகிவிட்டதே என்று ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

காலையில் எழுந்ததும் வீக்கம் அதிகமாகவும் சாயங்காலம் குறைவாகவும் இருப்பது சகஜம். ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட மறுநாள் கூடுதலாகத் தெரியும். இப்படி ஏறி இறங்குகிறது என்றால் அது நீர் வீக்கம். காத்திருந்தால் போகும், ஊசி வேண்டியதில்லை.

போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஜன்னல் ஓரம், ஒரே நேரம். நேராக, இரண்டு பக்கவாட்டில், கீழிருந்து ஒன்று. மேகம் மூடிய நாளும் வெயில் நாளும் மூக்கை வேறு வேறாகக் காட்டும், அதனால் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும் நாளாகப் பாருங்கள். என் டாக்டர் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்.

ஊசி எந்த வீக்கத்துக்கு

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மூக்கின் உள்ளே எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்கிக் குறைத்துவிடுகிறார்கள். மேலே இருக்கும் தோல் பழைய அளவிலேயே இருக்கிறது. அண்ணன் ஸ்வெட்டரைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி. அந்தத் தோல் மெல்லச் சுருங்கி உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். நுனிக்குச் சற்று மேலே சிலருக்கு அது ஒட்டாமல் இடைவெளி விட்டுவிடும். அந்த இடைவெளியில் ரத்தமும் நீரும் தேங்கி, நாளடைவில் தழும்புத் திசுவாக இறுகிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் நுனி கீழே இறங்கி, அதற்கு மேலே வளைந்து, கிளிமூக்கு மாதிரி தெரியும். எள்ளுப்பூ மூக்கு வேண்டும் என்று போனவருக்குக் கிளிமூக்கு வந்தால் எப்படி இருக்கும்? எனக்கு வந்தது அதுதான்.

இந்தத் தழும்புத் திசுதான் ஊசிக்கு ஏற்ற இடம். டிரையாம்சினலோன் அங்கே அழற்சியைத் தணித்து, தழும்பை உருவாக்கும் கொலாஜன் என்ற புரதம் சேர்வதைக் குறைத்து, சேர்ந்ததையும் மெல்லக் கரைக்கும்.

ஆனால் அதே கிளிமூக்கு வேறு காரணத்தாலும் வரும். குருத்தெலும்பைப் போதிய அளவு குறைக்காமல் விட்டிருக்கலாம், அல்லது நுனியைத் தாங்கும் அமைப்பு தளர்ந்து கீழே இறங்கியிருக்கலாம். அதற்கு எத்தனை ஊசி போட்டாலும் பயன் இல்லை. ஸ்டீராய்டு குருத்தெலும்பின் வடிவத்தை மாற்றாது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். அமுங்கிக் குழி விழுந்தால் நீர். ரப்பர் மாதிரி இறுக்கமாக, லேசாக அசைந்தால் தழும்பு. கெட்டியாக அசையாமல் நின்றால் குருத்தெலும்போ எலும்போ. நீங்கள் வீட்டில் அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள், அதுவே வீக்கத்தைக் கூட்டும்.

இன்னொன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தழும்பைக் கரைப்பதும் தோலை மெலியவைப்பதும் இந்த மருந்தின் ஒரே குணத்தால்தான். தழும்புக்குள் போனால் நன்மை. அதே துளி தோலுக்குள்ளோ தோலடிக் கொழுப்பிலோ போனால் அங்கே குழி விழும், நிறம் வெளுக்கும், மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரியும். இந்த ஊசிக்கு அளவும் ஆழமும் இடைவெளியும் அவ்வளவு முக்கியமாக இருப்பது அதனால்தான்.

ஊசி போடக் கூடாத வீக்கம்

முதல் சில நாட்களில் இரண்டு நாசியும் முழுதாக அடைத்து, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால் நடுத்தண்டில் ரத்தம் கட்டியிருக்கலாம். உள்ளே இரண்டு பக்கமும் மெத்தென்று புடைத்திருக்கும். அதை அன்றைக்கே திறந்து வடிக்க வேண்டும். விட்டுவிட்டால் சில நாளில் குருத்தெலும்பு செத்து, மூக்கு நடுவில் குதிரைச் சேணம் போலப் பள்ளமாகிவிடும். கோவை டாக்டரிடம் நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 108 இருக்கிறது. முதலில் அங்கே போங்கள், சர்ஜனுக்குப் போனில் சொல்லிக்கொண்டே போகலாம்.

சிவந்து, சூடாக, விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் சீழும் இருந்தால் அது தொற்று. தொற்று இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு போட்டால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். மூக்குப் பகுதியின் ரத்தக்குழாய்களுக்கு மூளையின் அடிப்பகுதியோடு தொடர்பு உண்டு. தலைவலி, கண் வீக்கம் சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். நிற்காத ரத்தப்போக்கும் அப்படித்தான்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

முடிந்தவரை ஆபரேஷன் செய்த சர்ஜனிடமே போங்கள். உள்ளே எதைக் குறைத்தார், எங்கே ஒட்டு வைத்தார், எங்கே தையல் போட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். தூரம் என்று பார்த்து அருகில் உள்ள அழகு நிலையத்திலோ தோல் கிளினிக்கிலோ போட்டுக்கொள்ளும் ஆசை வரும். கூடலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படித்தான் ஓர் இடத்தில், ஆபரேஷன் ஆன மூன்றாவது வாரத்திலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நாலு ஊசி போட்டுக்கொண்டாள். வீக்கம் வடிந்தது. அதற்கப்புறம் நுனிக்கு மேலே சுண்டுவிரல் பதிந்தது போல ஒரு குழி விழுந்தது. அது மேடாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, தோலின் வெளுப்பு இன்னும் லேசாக இருக்கிறது. அவள் அந்த ஒரு வருஷமும் கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது கனக்கிறது.

சரி, கேட்க வேண்டிய கேள்விகள். இது தழும்பா, நீரா, குருத்தெலும்பா? மருந்தின் வலிமை 10-ஆ 40-ஆ, 40 என்றால் நீர்க்கச் செய்து போடுவீர்களா? எத்தனை மில்லி? பொதுவாக வலிமை குறைந்ததில் ஆரம்பிப்பார்கள், அளவும் ஒரு மில்லியில் பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். அடுத்த ஊசிக்கு எத்தனை வாரம் விடுவீர்கள்? நாலு முதல் எட்டு வாரம் என்பது பலர் விடும் இடைவெளி. ஏனென்றால் போட்ட மருந்து பல வாரம் உள்ளே இருந்து வேலை செய்கிறது. முந்தைய ஊசி என்ன செய்தது என்று தெரியும் முன்னே அடுத்ததைப் போட்டால் கணக்குத் தவறிவிடும். முதல் ஊசியை எப்போது போடுவது என்பதில் டாக்டர்களுக்குள் வித்தியாசம் உண்டு. தடித்த தோல் என்றால் சிலர் ஒரு மாதத்திலேயே போடுவார்கள், பலர் இன்னும் பொறுப்பார்கள். ஊசிக்கு முன் இரவில் மைக்ரோபோர் என்ற காகித டேப்பை மூக்கில் ஒட்டிப் பார்க்கச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. தோலை உள்ளே ஒட்டவைக்க அது உதவும், எனக்கும் அதில்தான் ஆரம்பித்தார்கள்.

நீங்கள் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. சுகர் இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறலாம், அளவு சிறியதுதான் என்றாலும் வீட்டில் குத்திப் பாருங்கள். கர்ப்பம், பால் கொடுப்பது, முன்பு காசநோய் வந்தது, கண்ணில் பிரஷர், முகத்தில் அடிக்கடி வரும் அக்கி, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். எச்ஐவிக்குத் தரும் ரிட்டோனவிர், பூஞ்சைக்குத் தரும் இட்ராகோனசோல் போன்ற மருந்துகள் இந்த ஸ்டீராய்டை உடம்பை விட்டுப் போகவிடாமல் தங்கவைக்கும். சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஊசி போடும் அன்று

பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து மூக்கை ஸ்பிரிட்டால் துடைத்தார்கள். டாக்டர் அந்தச் சின்ன மருந்துக் குப்பியை எடுத்துக் குலுக்கினார். நிறுத்திவிட்டார் என்று பார்த்தால் மறுபடி குலுக்கினார். தெளிவாக இருந்த நீர் மோர் மாதிரி வெளுத்தது. மருந்து துகளாக அடியில் தங்கும், குலுக்காமல் எடுத்தால் முதல் ஆளுக்குத் தண்ணீரும் கடைசி ஆளுக்குத் துகளும் போகும் என்று சொன்னார். சுகர்காரர்கள் பயன்படுத்தும் இன்சுலின் ஊசிதான், முடி மாதிரி மெலிசு. இடது கை இரண்டு விரலால் புடைப்பைப் பிடித்துக்கொண்டு, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ஊசியை நுழைத்து, மிக மெதுவாக அழுத்தினார். ஒரு சுருக்கு, கண்ணில் தானாகத் தண்ணீர், பிறகு இறுக்கமாக ஓர் உணர்வு. பஞ்சு வைத்து இரண்டு நிமிஷம் பிடிக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

மெதுவாக அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. துகள் அந்த வழியில் தள்ளப்பட்டால் பார்வையே போகலாம். மிக மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. ஊசி போடும்போதோ போட்ட உடனேயோ பார்வை மங்கினால், கண் வலித்தால், ஊசி ஏறிய இடம் வெளிறி வலித்தால், வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு அடக்க வேண்டாம்.

ஊசிக்குப் பிறகு

அன்று இரவே மாற்றம் தெரியாது. ஊசியின் நீரால் முதல் இரண்டு நாள் சற்றுக் கூடுதலாகவே வீங்கியிருக்கலாம். ஒன்றிரண்டு நாள் முகம் சிவந்து சூடாக இருக்கலாம், தூக்கம் கெடலாம். பெண்களுக்கு அந்த மாத விலக்கு முன்னே பின்னே போகலாம். எனக்குப் போனது, முன்கூட்டியே யாரும் சொல்லாததால் பயந்துவிட்டேன். பலன் ஒன்றிரண்டு வாரத்தில் தெரிய ஆரம்பித்து, மேலும் சில வாரம் கூடும்.

மூக்கைத் தேய்க்காதீர்கள், பிசையாதீர்கள். தோல் மெலிவது சில வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும், அதனால் போட்டோ எடுப்பதை நிறுத்த வேண்டாம். குழி, வெளுப்பு, சிவப்பு நரம்பு எது தெரிந்தாலும் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

கீழே சமவெளியில் இருக்கும் டாக்டர்கள் நாம் கேட்டால் சொல்வார்கள், தானாகச் சொல்வது குறைவு. இதெல்லாம் நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர். குன்னூர் 1,850, ஊட்டி 2,200-க்கும் மேல். மலை இறங்கும்போது எல்லோருக்கும் காது அடைக்கும், உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவோம். ஆபரேஷன் ஆன மூக்கில் அதைச் செய்யவே கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கும் தோலும் சவ்வும் பிரிந்து ரத்தம் கசியும். அந்தக் கசிவுதான் பின்னால் தழும்பாகிறது. மிட்டாய் சப்புங்கள், எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். ஏறும்போது இவ்வளவு தொல்லை இருக்காது. பரிசோதனைக்கு இறங்கும் பயணத்தில்தான் கவனம் தேவை. 14 கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருபவர்கள் அதற்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். குமட்டி வாந்தி எடுத்தால் முகத்துக்கு ரத்தம் ஏறி மூக்கில் கசியும். பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தால் நல்லது, ஆனால் கம்பிக்கு நேரே முகம் இருக்கும் இருக்கை வேண்டாம்.

நம் ஊரில் தும்மல் வந்தாலே கை நீலகிரித் தைலத்தைத் தேடும். என் அத்தை ஸ்ப்ளின்ட் எடுத்த அன்றே தைலத்தோடு வந்து நின்றார். அன்பால்தான் வந்தார். ஆறும் தோலில் அது எரிச்சலைக் கிளப்பும். ஆவி பிடிப்பதும் கணப்புக்கு முன் முகத்தைக் காட்டி உட்காருவதும் ரத்தக்குழாயை விரித்து வீக்கத்தைக் கூட்டும், முதல் சில வாரம் இரண்டும் வேண்டாம். ஜனவரியில் உறைபனி விழும் நாளில் காற்று வறண்டு மூக்குக்குள் பொருக்குக் கட்டும். விரலால் எடுக்காமல் டாக்டர் சொல்லும் உப்புநீர் ஸ்பிரே போடுங்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மிவிடுங்கள்.

தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டரை ஒரு மாதத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பித்தான் வைத்ததைப் போடுங்கள். குரங்குக் குல்லாயும் மூக்கை அழுத்தும், மஃப்ளரைக் காதோடு தளர்வாகக் கட்டிக்கொண்டால் போதும். குளிருகிறதே என்று வெயிலில் உட்காருவோம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் வலுக்கிறது, ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல். மேகம் மூடியிருந்தாலும் கணிசமாக இறங்கும். ஆறும் தோலும் ஊசியால் மெலிந்த தோலும் சீக்கிரம் கறுக்கும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கண்டிப்பாக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை மூடுவது நமக்குத் தெரிந்ததுதான். ஊசி நாளை அந்த மாதங்களில் வாங்கியிருந்தால் ஒரு வாரம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லையா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஊசி ஒரு வாரம் தள்ளிப்போவதால் கெடுதல் இல்லை. ஆபரேஷனை மட்டும் அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள், முதல் வாரத்தில் ஏதாவது என்றால் இறங்க வழி வேண்டும்.

எப்போது நிறுத்துவது

எனக்கு முதல் ஊசியில் பாதி வடிந்தது, இரண்டாவதில் இன்னும் கொஞ்சம், மூன்றாவதில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. நாலாவதுக்குப் போனபோது டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்ப இருக்கிறது குருத்தெலும்பு. இனி போட்டா தோல்தான் மெலியும்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அந்தச் சொல்லுக்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. நானாக இருந்தால் இன்னொன்று கேட்டு வாங்கியிருப்பேன். இரண்டு மூன்று ஊசியில் பலன் தெரியவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். மறு ஆபரேஷன் பேச்சு வந்தால் முதல் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷமாவது ஆகட்டும். அதற்கு முன் உள்ளே எது வீக்கம், எது வடிவம் என்று சர்ஜனுக்கே முழுதாகத் தெரியாது.

மூக்குத்தியைப் பற்றிப் பெண்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஊசி போடும் காலத்தில் வேண்டாம். துளை தூர்ந்துவிடுமே என்று பயந்து நடுவில் மாட்டிப் பார்க்காதீர்கள், தூர்ந்தால் பிறகு குத்திக்கொள்ளலாம். நான் கடைசி ஊசி முடிந்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் போட்டேன். பழைய துளை பாதி தூர்ந்திருந்தது. அத்தைதான் வேப்பங்குச்சியைச் சீவிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லி டாக்டரிடமே போய்ப் போட்டுக்கொண்டேன்.